புறாமாடத்துக்கு அடித்த வெள்ளை

கீழ் ஓட்ரிங்,
மே 9, 1956

அன்புள்ள தங்கை டோர்கஸுக்கு, அக்கா கெசியா எழுதுவது. இங்கே என் வலது முழங்கால் தவிர மற்ற எல்லாரும் நலம். கனடாவில் நீயும் உன் பசுக்களும் நலமாயிருக்க ஞாயிறுதோறும் கோயிலில் கேட்டுக்கொள்கிறேன்.

என் பேத்தி ஹெஸ்டர் ஊர்ச்சபைக்கு எழுத்தராகிவிட்டாள் என்று போன கடிதத்தில் மூன்று தடவை எழுதியிருந்தேன். நாலாவது தடவையும் எழுதுகிறேன். மேல் ஓட்ரிங், கீழ் ஓட்ரிங், தார்ப் என்று மூன்று ஊர் சேர்ந்த சபை. மழை பெய்கிறது என்பதில்கூட மூன்றும் ஒத்துப்போனதில்லை. அதைக் கட்டி மேய்ப்பவள் இருபத்துநாலு வயதுப் பெண்.

சாலையை அகலமாக்கப் புறாமாடத்தை இடிக்கப்போவதாக மாவட்ட அலுவலகத்திலிருந்து தாக்கீது வந்தது. நீயும் நானும் மழைக்கு ஒதுங்கிய அதே கல் மாடம்தான். பழமையான கட்டடம் என்று லண்டன் அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டால் யாரும் கை வைக்க முடியாதாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற நமக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஹெஸ்டர் ஆறு கடிதம் போட்டு அவரை வரவழைத்தாள். உடனே சபைத் தலைவர் ஜெத்ரோ பிளம்ப்டன், அதுதான் உன்னைப் பெண் கேட்டு வந்து டீக்கோப்பையை உடைத்தவர், எழுந்தார்.

"லண்டன்லேர்ந்து மனுஷன் வராரு. மாடம் இப்படி அழுக்கா நின்னா நம்மளப் பத்தி என்ன நினைப்பாரு? வெள்ளையடிச்சிடுவோம்."

"ஐயா, அந்த அழுக்குதான் நமக்குச் சாட்சி. தொடாதீங்க."

"நீ எழுதும்மா. எழுத்தருக்கு ஓட்டு கிடையாது."

ஏழு கைகள் உயர்ந்தன. மூன்று ஊரும் ஒத்துப்போனது அன்றுதான். இரண்டே நாளில் மாடம் கல்யாணக் கேக் மாதிரி நின்றது. வந்த அதிகாரி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இதைக் கட்டி எத்தனை மாசம் ஆச்சு?" என்று கேட்டார். ஜெத்ரோ தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெஸ்டர் மட்டும் அசரவில்லை. கோயில் பெட்டியிலிருந்த பழைய தீர்மானப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்து படித்தாள். 1743, பேராயர் வருவதால் புறாமாடத்துக்கு வெள்ளையடிக்கத் தீர்மானம். 1790, நீதிபதி வருவதால் வெள்ளை. 1838, புதுப் பாதிரியார் வருவதால் வெள்ளை.

"எங்க ஊர்க்காரங்க இருநூறு வருஷமா இதே தப்பத்தான் பண்றாங்க சார். வேணும்னா சுரண்டிப் பாருங்க."

அவர் பேனாக்கத்தியால் ஒரு மூலையைச் சுரண்டிப் பட்டை பட்டையாக எண்ணினார். பதினேழில் நிறுத்தி, "கல்லைவிடச் சுண்ணாம்பு தடியா இருக்கும் போலிருக்கே" என்றார்.

நேற்று உத்தரவு வந்தது. மாடம் நிற்கும், சாலை வளைந்து போகும். இனி அதன்மேல் யாரும் பிரஷ் வைக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். "இந்தப் பொண்ணுக்கு ஓட்டு இல்லாததே நல்லது. இருந்தா நாங்க எதுக்கு?" என்றார் ஜெத்ரோ. அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிது.

உன் வீட்டுக்காரருக்கு என் மரியாதை, பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் கூரையையும் கறவையையும் ஆண்டவர் காக்கட்டும்.

அன்பு அக்கா,
கெசியா

பின்குறிப்பு: கல்வெட்டுப் பதிக்க அந்த அதிகாரி ஜூனில் மறுபடி வருகிறாராம். அவர் சுரண்டிய மூலை பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது. பார்த்தால் ஹெஸ்டரைப் பற்றி என்ன நினைப்பார்? அந்த மூலை மட்டும்தான். அவளிடம் சொல்லவில்லை. பிரஷ் ஜெத்ரோவிடம் இருக்கிறது. சுண்ணாம்பு என் கொல்லையில் ஊறுகிறது.