ஊக்கு குத்திய ஞாயிறு

என் கணவரை நான் ஊக்கால் குத்தியிருக்கிறேன். கல்யாணமான மூன்றாவது வாரம், ஓடுகிற பஸ்ஸில், முழு பலத்தோடு. (குத்திய பிறகுதான் கணவர் என்று தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் கொஞ்சம் மெதுவாகக் குத்தியிருப்பேன்.)

அப்போது நான் அரியலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர், அன்பரசன், ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எலெக்ட்ரீஷியன். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். நல்ல மனிதர். ஒரே ஒரு பழக்கம்தான்: சத்தமில்லாமல் பின்னால் வந்து என் கழுத்தில் கை வைப்பார். அவருக்கு அது ஆசை. எனக்கோ பல்லி விழுந்த மாதிரி உடம்பு தூக்கிப் போடும். யாராக இருந்தாலும் முன்னால் வந்து, முகம் பார்த்துத் தொட்டால்தான் எனக்கு ஒத்துக்கொள்ளும்.

சொன்னால் முடிந்துவிடும். ஆனால் 'என்னையே இவளுக்குப் பிடிக்கவில்லை' என்று அவர் எடுத்துக்கொண்டால்? பக்கத்து வீட்டு அக்காவிடம் ஜாடையாகக் கேட்டேன். "போகப் போகப் பழகிடும்" என்றார். பழகவில்லை. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அலைந்தேன். சமைக்கும்போதுகூட சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பேன். அடுப்பு எதிர்ப்பக்கம் இருந்ததால் கரண்டியை எட்டி எட்டிக் கிளறுவேன். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க "ஊசி போடப் போறேன், கையத் தளர விடுங்க" என்று சொல்லிச் சொல்லித் தொடுகிறவளுக்கு, வீட்டில் ஒரு மனிதரிடம் ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஞாயிறு பெரம்பலூரில் அம்மா வீட்டில் விருந்து. ஷிஃப்ட் முடிந்து நேராக வந்துவிடுகிறேன், நீ முன்னால் போ என்று சொல்லியிருந்தார். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு மனப்பாடம் செய்தேன்: 'ஏங்க, பின்னாலேருந்து தொட்டா எனக்குப் பிடிக்காது. சொல்லிட்டுத் தொடுங்க.' இன்று எப்படியும் சொல்லிவிடுவது.

ஷிஃப்ட் சீக்கிரமே முடிந்து, பஸ் கிளம்பும்போது அவர் ஓடிவந்து பின்படியில் ஏறியது எனக்குத் தெரியாது. என் முதுகைக் கண்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூட்டத்தில் நெளிந்து நெளிந்து வந்து, வழக்கம்போல் கழுத்தில் கை வைத்தார்.

புடவை ஊக்கு எப்படிக் கைக்கு வந்ததோ தெரியாது. திரும்பாமலே குத்தினேன். ஆறு வருஷ ஊசி அனுபவம். குறி தப்பவில்லை.

"ஐயோ அம்மா!"

கத்தரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அக்கா எழுந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். கண்டக்டர் விசிலடிக்க, பஸ் நின்றது.

"நான் அவ புருஷங்க!" என்று அலறினார் அவர்.

"மாட்டுறவன் எல்லாம் இதத்தான்யா சொல்றான்," என்ற கண்டக்டர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவரு உன் வூட்டுக்காரரா?"

'ஆமாம்' என்று ஒரு சொல் போதும். பதற்றத்தில், மூன்று வாரமாக நாக்கில் ஊறிக் கிடந்ததுதான் வந்தது, வார்டு முழுக்கக் கேட்கிற குரலில்: "ஏங்க, பின்னாலேருந்து தொட்டா எனக்குப் பிடிக்காது! சொல்லிட்டுத் தொடுங்க!"

பஸ்ஸில் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

"'ஏங்க'ங்குது. அப்ப புருஷன்தான்," என்று கண்டக்டர் தீர்ப்புச் சொன்னார்.

"கட்டுன பொண்டாட்டியத் தொட மனு போடணுமாய்யா?" என்றார் ஜன்னலோரப் பெரியவர்.

"போட்டா என்ன, கொறஞ்சா போயிடுவீங்க?" சட்டையை இன்னும் விடாமலே கேட்டார் கத்தரிக்காய் அக்கா.

பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சண்டை முற்றுவதற்குள் நாங்கள் இறங்கிக்கொண்டோம்.

ரோட்டோரப் புளியமரம். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகப் போக எங்கள் மேல் வெள்ளைப் புழுதி. அவர் கையில் ரத்தத்தைத் துடைக்கக் கைக்குட்டையோடு போனவள், நின்று, "தொடலாமா?" என்றேன்.

"குத்துறப்ப கேக்கல. இப்ப கேளு." கையை நீட்டினார். நான் துடைத்து முடித்ததும், குரல் இறங்கி, "நான் தொடுறதே பிடிக்கலியா கயலு?" என்றார்.

"பிடிக்கும்ங்க. கையப் பிடிச்சிக்கிட்டு நடந்தா பிடிக்கும். முன்னால வந்து தோள்ல கை போட்டா பிடிக்கும். கழுத்து வேணாம். திடீர்னு வேணாம்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"பயந்துட்டேன். உங்களுக்கு எதுங்க பிடிக்காது?"

மூன்று லாரி போகும்வரை யோசித்தார். "கோவிச்சுக்காத. பைக்குல நீ இடுப்பப் புடிக்கிறப்ப கூச்சம் தாங்கல. அதான் வண்டி அப்படி ஆடுது." (வண்டி ஓட்டத் தெரியாதவர் என்று நினைத்து நான் சிறுவாச்சூர் காளிக்கு வேண்டிக்கொண்டிருந்தேன்.) "அப்புறம், தலையத் தொட்டா எரிச்சலா வரும். தெனம் நீ முடியக் கோதி விடுறப்ப பல்லக் கடிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

மூன்று வாரமாக இரண்டு பேரும் பல்லைக் கடித்தபடி குடித்தனம் நடத்தியிருக்கிறோம்! சிரித்துச் சிரித்துப் புழுதி வாய்க்குள் போனது.

இதோடு நின்றிருந்தால் நல்ல கதை. ஆனால் உண்மை பேசிய ருசி அவரை விடவில்லை.

விருந்து வீட்டில் என் தாய்மாமன் விபூதித் தட்டோடு நின்றார். மக்காச்சோள விவசாயி, ஆறடி உயரம். அவர் இருமினாலே எங்கள் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். காலில் விழுந்து எழுந்தோம். அவர் ஆசீர்வாதமாகக் கையைத் தூக்கி மாப்பிள்ளை தலைமேல் வைக்கப் போக, இவர் நிதானமாகச் சொன்னார்:

"மாமா, தலையத் தொட்டா எனக்குப் பிடிக்காதுங்க."

அம்மா பாயசக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. நிலைமையைச் சமாளிக்க நான் வாயைத் திறந்தேன். அதுதான் தப்பு. பஸ், ஊக்கு, மனு, இடுப்புக் கூச்சம் என்று ஒன்று விடாமல் எல்லாம் கொட்டிவிட்டேன். ஒரு வாக்கியம் சொல்லத் தெரியாமல் தவித்தவளுக்கு, இப்போது நிறுத்தத் தெரியவில்லை.

மாமா நாற்காலியில் உட்கார்ந்து, தட்டிலிருந்த விபூதி பறக்கப் பறக்கச் சிரித்தார்.

பதினோரு வருஷமாகிறது. போன மாதம் எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். முகூர்த்த நேரத்தில், அத்தனை சொந்தத்துக்கும் முன்னால் மாமா தட்டோடு வந்து நின்றார்.

"மாப்ள, அனுமதி உண்டா?"

இவர் யோசித்தார். "இன்னிக்கி வேணாம் மாமா."

"சரி" என்று நாலடி பின்னால் போன மாமா, காட்டுக்கு உரம் தூவுவதுபோல அங்கிருந்தே விபூதியை அள்ளி வீசினார். பாதி என் கண்ணில் விழுந்தது.