"உத்தரவு என்ன, ராணிம்மா?"

அண்ணாமலையாரைத் தரிசிக்காமல் வளர்ந்த பெண் குழந்தை திருவண்ணாமலையில் எங்காவது இருக்கலாம். சிம்மாசனத்தின் நாற்காலியில் உட்காராமல் வளர்ந்த பெண் குழந்தை இந்த ஊரில் கிடையாது. முதல் பிறந்த நாள், காது குத்து, மஞ்சள் நீராட்டு விழா, எதற்கு மேடை போட்டாலும் நடுவில் அவருடைய வெள்ளை வெல்வெட் நாற்காலிதான். விசேஷங்களுக்கு ராஜ நாற்காலியும் ரதமும் வாடகைக்கு விடுவது அவர் தொழில். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே யோசித்தால்தான் ஞாபகம் வரும். எங்கள் தெருவுக்கு அவர் சிம்மாசனம்.

வீட்டுக் கூடம் முழுக்க நாற்காலிகள். மனுஷன் மட்டும் வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். "உள்ள அத்தனை நாற்காலி இருக்கு, ஒண்ணுல உக்காந்தா இன்னா?" என்று கேட்டால் நாக்கைக் கடித்துக்கொள்வார். "அது ராணிங்க உக்கார்ற எடம் சார்!" அவர் மனைவிக்கு அந்த பயபக்தியெல்லாம் இல்லை. ரதத்தில் பூட்டும் ஃபைபர் அன்னத்தின் முதுகில் வடகம் காயவைப்பார். மழைக்காலத்தில் ஊர்வலம் போன சில ராணிகள் மேல் லேசாகப் பெருங்காய வாசனை வந்ததற்கு அதுதான் காரணம்.

பையன்களுக்கு அவர் நாற்காலி தரமாட்டார். ஒரு தடவை பக்கத்துத் தெருக்காரர் தன் மகன் பிறந்த நாளுக்குக் கேட்டு வந்தார். "பையனுக்கு எதுக்குங்க வாடகைக்கு எடுக்கிறீங்க? உங்க வீட்ல தெனமும் அவன் சிம்மாசனத்துலதான உக்காந்திருக்கான்? தட்டைக்கூட அவங்க அக்காதான எடுக்குது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வந்தவர் இன்றுவரை எங்கள் தெரு வழியாக வருவதில்லை.

நாற்காலியோடு அவரும் இலவச இணைப்பாக வருவார். ஜிகினா வைத்த கோட்டு, தலைப்பாகை, கையில் பிளாஸ்டிக் ஈட்டி. ராணி உட்கார்ந்ததும் ஒற்றை முழங்காலில் மண்டியிட்டு, "உத்தரவு என்ன, ராணிம்மா?" என்று கேட்பார். குழந்தை "விழா தொடங்கட்டும்" என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து வைத்திருப்பார்கள். வீடியோக்காரர் அதை ஸ்லோமோஷனில் எடுப்பார். எல்லோருக்கும் அது ஒரு வேடிக்கை. சிம்மாசனத்துக்கு மட்டும் அது வேடிக்கை இல்லை என்பது ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது.

எனக்கு அது முதலில் தெரிந்தது வேங்கிக்காலில் ஒரு பிறந்த நாள் விழாவில். பலூன் ரோஸ், கேக் ரோஸ், பந்தியில் போட்ட கேசரி கூட ரோஸ். அந்த வீட்டு ராணிக்கு நாலு வயது. உத்தரவு என்ன என்று இவர் கேட்டதும் அவள் தெளிவாகச் சொன்னாள்: "வடை வேணும்."

அம்மா பதறிப்போய், "ஷ்ஷ்! பிரின்சஸ்லாம் வடை சாப்பிட மாட்டாங்க, கேக்தான் சாப்பிடுவாங்க" என்றார்.

"ராணிம்மா கேட்டுட்டாங்க, நீங்க நடுவுல பேசக்கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு, சிம்மாசனம் ஈட்டியோடு தெருமுனை டீக்கடைக்குப் போனார். செய்தித்தாளில் மடித்த உளுந்து வடையோடு வந்து மண்டியிட்டு நீட்டினார். மெழுகுவத்தி உருகிக்கொண்டிருந்தது. கிரீடம் ஒரு காதில் தொங்க, இரண்டு கையாலும் வடையைப் பிடித்துக் கடிக்கும் அந்தப் பெண்ணின் படம்தான் ஆல்பத்திலேயே நல்ல படம். அதைத்தான் அந்த வீட்டில் ஃப்ரேம் போடவில்லை.

இப்போது என் அக்கா மகள் கயல்விழியிடம் வருகிறேன். அக்கா கீழ்பென்னாத்தூரில் இருக்கிறாள். கயல் பள்ளிக்கூடக் கபடி அணியில் ரெய்டு போகிறவள். பெரிய மனுஷி ஆனதும் அக்கா ஜோசியரிடம் ஓடி மஞ்சள் நீராட்டு விழாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து வாங்கினாள். மாவட்டக் கபடி அணிக்கு ஆள் எடுப்பதும் அதே ஞாயிறு காலை என்று பிறகு தெரிந்தது.

கயல் அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். அக்கா அசையவில்லை. "கபடியாம் கபடி! கால்ல தழும்பு விழுந்தா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்? போதும் ஆடினது. இதோட நிறுத்திக்கோ" என்றாள். அந்த ஞாயிறு போனால் அத்தோடு கபடியும் போயிற்று என்று கயலுக்குப் புரிந்துவிட்டது.

தாய்மாமன் என்ற முறையில் நான் பேசிப் பார்த்தேன். "உன் போட்டோவை பேனர்ல எவ்ளோ பெருசா போட்டிருக்கோம்! கம்முனு வந்து மாலையைப் போடு" என்றாள் அக்கா. அது உண்மைதான். மண்டப வாசலில் இருபது அடிக்கு ஃப்ளெக்ஸ் பேனர். 'எங்கள் வீட்டு இளவரசி' என்ற எழுத்துக்குக் கீழே பனிமலை, அதன் மேல் ஏதோ வெளிநாட்டுக் கோட்டை. கோட்டை வாசலில் கூலிங் கிளாஸோடு நான். இளவரசியைத் தேடினால் என் முழங்கைக்குக் கீழே கிடைப்பாள்.

அன்று காலை பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். சிம்மாசனத்தின் லோடு வண்டி மேல் அன்ன ரதம், நடுவில் நாற்காலி, அதில் பட்டுப் பாவாடையும் கிரீடமுமாகக் கயல். சீர்த்தட்டோடு நான் வண்டியில் ஏறிக்கொண்டேன். சிம்மாசனம் மண்டியிட்டார்.

"உத்தரவு என்ன, ராணிம்மா?"

கயல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டவுன் கிரவுண்டுக்குப் போகணும். கபடி செலக்‌ஷன். சீக்கிரம்."

சிம்மாசனம் ஒரு விநாடி அவள் முகத்தைப் பார்த்தார். "உத்தரவுங்க" என்று எழுந்தார். நேரே டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார். மண்டபத்தின் பக்கம் திரும்ப வேண்டிய வண்டி மெயின் ரோட்டில் ஏறியது. பேண்ட் செட்காரர்கள் கொஞ்ச தூரம் வாசித்துக்கொண்டே ஓடிவந்து மூச்சு வாங்கி நின்றுவிட்டார்கள். பின்னால் அக்காவின் குரல் மட்டும் கேட்டது: "டேய் தம்பி, குதிச்சு நிறுத்துடா!" எப்படிக் குதிப்பது? என் கையில் தட்டு இருந்தது. குதிக்கிற எண்ணமும் இல்லை.

வழியெல்லாம் பேருந்து ஜன்னல்களில் செல்போன்கள் முளைத்தன. திருவண்ணாமலை டவுனுக்குள் நுழைந்ததும் நிலைமை மோசமானது. கிரிவலம் வந்தவர்கள் ஏதோ அம்மன் புறப்பாடு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மா கற்பூரத்தட்டோடு வண்டியை நிறுத்தினார். "உற்சவம் இல்லம்மா, கபடிம்மா!" என்று நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. தீபாராதனை முடிந்த பிறகுதான் விட்டார்.

மைதானத்தில் இறங்கியதும் கயல் என் கையிலிருந்த சீர்த்தட்டின் பட்டுத் துணியை விலக்கினாள். ஆப்பிளுக்கு அடியில் அவளுடைய ஜெர்சி! கோயிலில் எப்போது வைத்தாளோ தெரியவில்லை. கிரீடத்தைக் கழற்றி சிம்மாசனத்திடம் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, ஈட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடி கோட்டோரமாக நின்றார்.

முதல் ரெய்டிலேயே எதிர் அணிப் பெண்கள் மொத்தமாக அவள் மேல் விழுந்து அமுக்கினார்கள். "ராணிய விடுங்கடி!" என்று சிம்மாசனம் ஈட்டியோடு உள்ளே பாய்ந்துவிட்டார். நடுவர் விசில் ஊதி அவரைத் துரத்துவதற்குள், அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு கயல் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டாள்.

அணியில் இடம் கிடைத்தது. நாங்கள் திரும்பி வந்தபோது பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். முழங்கால் செம்மண்ணைக்கூடத் துடைக்காமல் கயல் மேடையில் ஏறி வெள்ளை வெல்வெட்டில் உட்கார்ந்தாள். அக்கா சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு அறிவிருக்காயா? ஒரு சின்னப் பொண்ணு சொல்லுச்சுன்னு வண்டியைத் திருப்புவியா?"

அவர் நிஜமாகவே குழம்பிப்போய் வாசலைப் பார்த்தார். "பேனர்ல இளவரசின்னு நீங்கதானங்க போட்டிருந்தீங்க? நான் நம்பிட்டேங்க."

அந்தப் பேனர் அன்று மாலையே இறங்கியது. கயல் இப்போதும் கபடி ஆடுகிறாள். அக்கா இப்போதும் திட்டுகிறாள், ஆனால் ஷூ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திட்டுகிறாள்.

போன வாரம் ஒரு பிறந்த நாள் விழாவில் அந்த நாற்காலியைப் பார்த்தேன். வெள்ளை வெல்வெட்டில் செம்மண் கறை அப்படியே இருந்தது. "இதைத் துடைக்கக் கூடாதா?" என்று குழந்தையின் அம்மா முகம் சுளித்தார்.

"அது அழுக்கு இல்லீங்க. ஒரு ராணி ஜெயிச்சுட்டு வந்து உக்காந்த எடம்" என்றார் சிம்மாசனம்.

பிறகு புது ராணியின் முன்னால் மண்டியிட்டார். இப்போது முழங்கால் சத்தமாக முனகுகிறது. குழந்தை அவர் காதில் என்னவோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. ஈட்டியைத் தூக்கிக்கொண்டு மனுஷன் வாசலைப் பார்த்து ஓடினார். நல்லா இருக்கட்டும்.