கொசு ரைட்டரும் இரண்டு பந்தலும்

சேர்வராயன் மலையில் உடம்பில் ரத்தம் ஓடுகிற எவரும் கொசு ரைட்டரிடமிருந்து தப்பியதில்லை. தப்பிக்கலாம் என்று சேலத்துக்குப் பஸ் ஏறியவர்கள் உண்டு. அதே பஸ்ஸில் பின் சீட்டில், குடையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார்.

ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் தண்டவாளத் துண்டைத் தட்டி ஆட்களைக் கூட்டி, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஆஜர் எடுப்பது ரைட்டர் வேலை. அவர் மகள் செல்விக்கு ஒரு பரம்பரை ரத்த நோய். வலி வந்தால் எலும்பை உள்ளிருந்து யாரோ முறுக்குகிற மாதிரி இருக்கும் என்பாள். என் மகள் கவிக்கும் அதே நோய்தான். மலையில் இன்னும் பல வீடுகளில் உண்டு. நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தோம். நிவாரணம் கேட்கிற சங்கம் இல்லை. ‘எங்கள் மலைக்கு வந்து இந்த நோயை ஆராய்ச்சி செய்யுங்கள்’ என்று கேட்கிற சங்கம். டவுனில் தையல் கடை வைத்திருக்கும் நான்தான் செயலாளர். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்களை மனுவில் கையெழுத்துப் போடாமல் கடையை விட்டு இறங்க விடமாட்டேன்.

ஆராய்ச்சிக்காரர்கள் வந்தால் ரத்தம் கொடுக்க ஆள் வேண்டுமே? அந்தப் பொறுப்பு ரைட்டருக்கு. அதனால் வந்த பட்டம்தான் கொசு.

கிளியூரில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடித்த கையோடு மாப்பிள்ளையின் கையை ரைட்டர் பிடித்துக்கொண்டார்.

“சாமி, டாக்டருங்க வந்தா ஒரு சொட்டு குடுக்கறேன்னு கையடிச்சுச் சொல்லுங்க.”

மாப்பிள்ளை திருதிருவென்று பெண்ணைப் பார்த்தார்.

“அம்முணியுந்தானுங்க” என்றார் ரைட்டர். இருவரும் அவர் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் மேடையை விட்டு இறங்கினார்.

கோயில் திருவிழாவில் ஒருவர் மேல் சாமி வந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு ஆடியது. “என்னடா வேணும், கேளு!” என்று ரைட்டரைப் பார்த்து உறுமியது.

“ஒரு சொட்டு ரத்தமுங்க” என்றார்.

சாமி அந்த நிமிஷமே மலையேறிவிட்டது.

சங்கக் கூட்டம் எங்கே நடந்தாலும் எஸ்டேட் வழக்கப்படி ஆஜர் எடுப்பார். ஆளாளாக இல்லை, வீடு வீடாக. “தையக்கார அம்முணி ஊடு!” என்று அவர் கூப்பிட்டால் நான், என் வீட்டுக்காரர், கவி மூவரும் “இருக்கேனுங்க” என்று சொல்ல வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் மறுபடி கூப்பிடுவார். கக்கூஸில் இருந்தபடியே ஆஜர் சொன்னவர்கள் எங்கள் சங்கத்தில் உண்டு.

மலையில் எல்லாருடைய கட்சியும் எல்லாருக்கும் தெரியும். அவர் கட்சி மட்டும் ஒருவருக்கும் தெரியாது. ஜீப் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் ஒருமுறை நேராகவே கேட்டார்.

“ஏனுங்க ரைட்டரே, நீங்க எந்தப் பக்கமுங்க?”

“நானுங்களா? பி பாசிட்டிவ்ங்க.”

ஒருவழியாக எங்கள் மனு பலித்தது. ஒரு டாக்டரம்மா தலைமையில் ஆராய்ச்சிக் குழு வருவதாகச் சொன்னார்கள். குடும்பம் குடும்பமாக ரத்தம் கிடைத்தால் எங்கள் மலையும் ஆராய்ச்சியில் சேரும். கிடைக்காவிட்டால் வேறு மலைக்குப் போய்விடுவார்கள். ரைட்டர் செம்மநத்தத்துக்கும் கரடியூருக்கும் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தார்.

இடையில் வந்து தொலைந்தது தேர்தல்.

என் கட்சி ஜெயித்தது. என் வீட்டுக்காரர் கட்சி தோற்றது. ஒரே வீட்டில் ஒருத்தி பாயசம் வைத்தால் இன்னொருவர் பட்டினி கிடக்கிற நிலைமை. அதோடு விட்டோமா? சங்கத்துக்கும் கொண்டு போனோம்.

“இனி நம்ம ஆட்சிங்க. ஆராய்ச்சிக்கு நிதி தானா வரும். புது எம்.எல்.ஏ.வை வெச்சு முகாமைத் தொறக்கோணும்” என்றேன் நான்.

“அந்த நிதிய வெட்டப் போறதே உங்காளுங்கதான். இத்தன வருசமா மனுவத் தூக்கிட்டு அலைஞ்சது எங்காளுங்க. பேரு மட்டும் உங்களுக்கா?” என்றார் அவர்.

பாதிப் பேர் என் பக்கம், மீதிப் பேர் அவர் பக்கம். வாட்ஸ்அப் குழுவில் நாங்கள் எழுதியதையெல்லாம் இங்கே எழுதினால் இந்தப் பத்திரிகையை நீங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டீர்கள். ரைட்டர் மட்டும் தினமும் காலையில் “எல்லா ஊடும் இருக்கீங்களா?” என்று கேட்டு ஒரு செய்தி போடுவார். அதற்கு ஒருவரும் பதில் போடவில்லை.

முகாம் நாளன்று டாக்டரம்மாவின் வேன் செம்மநத்தத்துக்கு வந்தபோது, ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் பந்தல், அந்தப் பக்கம் அவர்கள் பந்தல். இரண்டிலும் ஆள் உயர ஃபிளெக்ஸ். இரண்டிலும் கேசரி. எங்கள் கேசரியில் முந்திரி அதிகம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

“எது முகாமுங்க?” என்றார் டாக்டரம்மா.

இரண்டு பக்கமும் கை தூக்கினோம்.

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் ஒரே மேஜைக்கு வந்து சம்மதம் சொல்லி, ஒன்றாக ரத்தம் கொடுக்க வேண்டும். நோய் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சியே.

“பாப்பாவோட அப்பா எங்கேம்மா?”

“அந்தப் பந்தல்ல இருக்காருங்க.”

“கூப்பிடுங்களேன்.”

“அவரு வரமாட்டாருங்க. நானும் அங்க கால் வைக்க மாட்டேனுங்க.”

சொல்லி முடித்தபோது ரைட்டர் நடுரோட்டில் நின்று ஆஜர் எடுக்க ஆரம்பித்திருந்தார். “தையக்கார அம்முணி ஊடு!” என்றார். நான் இந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தேன். எதிர்ப் பந்தலில் என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. கவி என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் டாக்டரம்மாவின் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரைட்டர் மறுபடி கூப்பிட்டார். அடுத்த வீட்டைக் கூப்பிட்டார். எந்த வீடும் முழுசாக ஆஜர் சொல்லவில்லை.

“ரெண்டு கட்சி கிடைச்சுது. ஒரு குடும்பம்கூடக் கிடைக்கலீங்க” என்றார் டாக்டரம்மா. கவியை இறக்கிவிட்டு வேன் ஏற்காடு லாட்ஜுக்குத் திரும்பியது. மறுநாள் காலையில் கீழே இறங்குவதாக ஏற்பாடு.

ரைட்டர் எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு செல்வியோடு நடந்து போய்விட்டார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். முந்திரி போட்ட கேசரியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். கவி அதைத் தொடவில்லை. நாங்களும் தொடவில்லை. வெட்கத்தில் சோறு இறங்காது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் விடிந்ததும், பனி மூட்டத்துக்குள் ரைட்டர் வீட்டுப் பக்கமிருந்து தண்டவாளத் துண்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கவி போர்வையை உதறிவிட்டு எழுந்தாள். என் வீட்டுக்காரர் ஜீப் சாவியை எடுத்தார். நான் முன் சீட்டில் ஏறினேன்.

ரைட்டர் வீட்டுக் காபிக் களத்தில் ஒரே ஒரு மேஜை. பந்தல் இல்லை, ஃபிளெக்ஸ் இல்லை. மேஜைக்குப் பின்னால் டாக்டரம்மா. விடிவதற்கு முன்பே லாட்ஜுக்குப் போய், அவரிடமே கையடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாராம் ரைட்டர். மப்ளரை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு குடும்பமும் வந்து நின்றது. யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“தையக்கார அம்முணி ஊடு!”

“இருக்கேனுங்க” என்றேன். அதே நேரத்தில் என் வீட்டுக்காரரும் சொன்னார். கவி கடைசியாக, எங்களை ஒருமுறை முறைத்துவிட்டுச் சொன்னாள்.

எல்லா வீடும் முடிந்தது. ரைட்டர் அவசர அவசரமாகக் குடையை எடுத்தார்.

“அப்பா, ஒரு ஊடு உட்டுப்போச்சு” என்றாள் செல்வி.

“யாரு ஊடு கண்ணு?”

“நம்மூடு.”

“நான்தான் அப்பவே சேலத்துல குடுத்துட்டேனே!”

“குடுக்கறேன்னு போயி பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டு வந்தீங்க. உங்க குரூப்பு என்னான்னே உங்களுக்குத் தெரியாது. அம்மாவும் இல்ல. நீங்க குடுக்காட்டி எனக்கு யாருப்பா குடுப்பாங்க?”

களமே அவரைத் திரும்பிப் பார்த்தது. மலை முழுவதும் ரத்தம் கேட்டு அலைந்த மனிதர் காது சிவந்து நின்றார்.

“ஊசின்னா எனக்கு நொம்பப் பயமுங்க” என்றார், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி. “அதான் ஊர்ப்பட்ட பேரைக் கேட்டேன். ஓராள் கொறஞ்சா தெரியாதுன்னு நெனச்சேனுங்க.”

தேர்தலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சங்கம் ஒன்றாகச் சிரித்தது. சிரித்து முடித்ததும் எனக்கு மறுபடி வெட்கமாகிவிட்டது. அவராவது பயத்தில் ஒளிந்தார். நாங்கள் எதற்கு ஒளிந்தோம்?

என் வீட்டுக்காரர் போய் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டார். செல்வி ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பின்னால் நின்று அவர் கண்ணைப் பொத்தினேன். ஊசி படுவதற்கு முன்பே “அய்யோ” என்றார். ரத்தம் குழாய்க்குள் இறங்கியது.

“முடிஞ்சுதுங்க. உங்க மலை சேர்ந்துடுச்சு” என்றார் டாக்டரம்மா.

ரைட்டர் நம்பவில்லை. என் கைக்குள் கண்ணை இறுக மூடியபடியே கேட்டார்:

“எல்லா ஊடும் இருக்கீங்களா?”

“இருக்கோமுங்க, ரைட்டரே” என்றோம், இரண்டு கட்சியும் சேர்ந்து. அவர் கண்ணைப் பொத்தியிருந்த கையை எடுக்க எனக்கு மனசே வரவில்லை.