லிங்காட்டுக்கு ராகுகாலம் பார்த்த கதை

எனக்குப் பொறாமையே கிடையாது என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எப்படி முடிகிறது அவர்களால்? எதிர்வீட்டுக் கறிவேப்பிலைச் செடி என் செடியைவிட அரை அடி உயர்ந்தால்கூட எனக்குச் சோறு இறங்காது. ஆனால் என் வாழ்நாள் பொறாமையில் முக்கால் பங்கை ஒரு மீனுக்குத்தான் செலவழித்திருக்கிறேன். ஒரு மீன் என்பது தவறு. செந்தில் பிடித்த மீன்.

செந்தில் எங்களோடு கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருப்பவர். சொந்த ஊர் ஈரோடு. ஈரோட்டில் கடல் கிடையாது. நான் தூத்துக்குடி. வாசலில் நின்று கத்தினால் கடலுக்குக் கேட்கும். ("தூத்துக்குடி மாப்பிள்ளைன்னா மீனுக்குப் பஞ்சமிருக்காதுன்னு எங்கப்பா நம்பிட்டாரு" என்று என் மனைவி கவிதா இன்றைக்கும் சொல்வாள். நான் பிறந்ததிலிருந்து மீன் பிடித்தது மார்க்கெட்டில்தான்.)

அந்த ஈரோட்டுக்காரர் ஒருநாள் எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு படம் போட்டார். ஹாஃப் மூன் பே என்ற கடற்கரை ஊருக்கு வடக்கே எங்கோ ஒரு கடலோரப் பாறை, படுத்துக்கிடக்கும் எருமை மாதிரி. அதன் முதுகில் செந்தில். அவர் கையில் முக்கால் ஆள் நீளத்துக்கு ஒரு லிங்காட். பெயரில்தான் காட், அசல் காட் இனமே இல்லை என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். வாய் மட்டும் ஒரு சொம்பை விழுங்கும். கவிதா அந்தப் படத்துக்கு இதயம் போட்டிருந்தாள். எங்கள் கல்யாண நாளுக்கு நான் அனுப்பிய படத்துக்கே கட்டைவிரல்தான் கிடைத்தது.

ஆளுக்கொன்று சமைத்து வந்து கூடிச் சாப்பிடும் எங்கள் அடுத்த பாட்லக்கில் அந்த மீன் குழம்பாக வந்தது. கவிதா ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"செந்தில் அண்ணா, இந்த மாதிரி மீன் எனக்கு அமெரிக்கா வந்து கிடைச்சதே இல்ல. எப்படிண்ணா பாறையைக் கண்டுபிடிக்கிறீங்க?"

"அதுங்களா," என்று செந்தில் ஆரம்பித்தார். "முதல் நாள் தூண்டிலே கொண்டு போகமாட்டனுங்க. தண்ணி நல்லா வத்தின நேரத்துல போயி, சும்மா வீடு பாக்கற மாதிரி பாத்துட்டு வருவேன். மீனும் நம்மளாட்டம் வீடு பாக்கறதுதானுங்களே. உள்ளுக்க இருட்டா ஒரு அறை வேணும். வாசல்ல தண்ணி ஓடோணும். கடல்பாசி தோட்டம் பக்கத்துல இருக்கோணும். சின்ன மீனு தானா தேடி வரோணும்."

மனிதர் பேசுவதெல்லாம் இப்படித்தான். கேட்டால் எழுதி வைத்துக்கொள்ளத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த நேரத்தில் கவிதாவின் முகத்தைப் பார்த்தேன். கல்லூரியில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் முகம். நான் எழுந்து ரசம் ஊற்றிக்கொள்ளப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது என் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வெளியே வந்துவிட்டது.

"அடுத்த மாசம் கவிதாவோட நாப்பதாவது பிறந்த நாள். இருபது பேருக்கும் நான் பிடிச்ச லிங்காட்தான் சாப்பாடு."

என் மகள் நிலாதான் முதலில் பேசினாள்.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்?"

"வேண்டாம்பா," என்றாள் கவிதா. "பீட்ஸா சொல்லிக்கலாம்."

அந்தப் பீட்ஸாதான் என்னை உசுப்பிவிட்டது.

அன்று சாயங்காலமே செந்தில் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். எட்டு நிமிடம். நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டுப் போய்ப் பிடித்தால், செந்தில் சொல்லிக்கொடுத்துப் பிடித்ததாக ஆகிவிடும் அல்லவா? அதற்கு நான் தூத்துக்குடியில் பிறந்திருக்கவே வேண்டியதில்லை.

அதற்குப் பதிலாக, செந்திலின் படத்தைப் பெரிதாக்கிக் கைபேசியில் வைத்துக்கொண்டு மூன்று சனிக்கிழமைகள் கடலோர ஹைவே ஒன்னில் மேலும் கீழும் ஓட்டினேன். குற்றவாளியைத் தேடும் போலீஸ்காரர் மாதிரி ஒவ்வொரு பாறையையும் படத்தோடு ஒப்பிட்டேன். அகப்படவில்லை. ஏன் என்பது அப்போது தெரியவில்லை. நான் போனதெல்லாம் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு. அந்த நேரத்தில் கடல் ஏறி, எருமையின் தலை மட்டும்தான் தண்ணீருக்கு மேல் இருந்திருக்கிறது. மூன்றாம் சனிக்கிழமை, படத்தில் பக்கத்து மலைமுகட்டில் தெரிந்த ஒற்றைச் சைப்ரஸ் மரத்தை வைத்து இடத்தை உறுதி செய்தேன். எருமை எங்கே போனது என்று ஒரு நிமிடமாவது யோசித்திருக்கலாம். இடத்தைக் கண்டுபிடித்த பெருமையில் திரும்பிவிட்டேன்.

பிறந்த நாளும் சனிக்கிழமையே வந்தது. மே மாதம். இட்லி கட்டிக்கொண்டு, புதுத் தூண்டில், தூண்டிலில் இரையாக மாட்ட ஏழு ரப்பர் மீன்கள், அதையெல்லாம்விடப் பெரிய ஐஸ் பெட்டி சகிதம் கிளம்பிப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது பத்து. எருமை முழு உடம்போடு படுத்திருந்தது. கரைக்கும் அதற்கும் நடுவில் ஈரக் கூழாங்கல் பாதை. நடந்தே போகலாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காரிலிருந்து இறங்க ஒரு காலை எடுத்து வைத்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. சனிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரை, ராகுகாலம்.

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. கார் வாங்கியபோது பார்க்கவில்லை, வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டபோது பார்க்கவில்லை. ஆனால் காருக்கோ வீட்டுக்கோ செந்தில் போட்டி இல்லையே. இவ்வளவு தூரம் வந்து, ஒன்றரை மணி நேர அவசரத்தில் எதற்கு வம்பு என்று காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

இட்லியை நிதானமாகச் சாப்பிட்டேன். ஒன்பதரை, ஒன்பதே முக்கால் வாக்கில் பாறைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாமான்களைக் கட்டிக்கொண்டு கரையேறினார்கள். கூட்டம் கலைகிறது, நல்ல சகுனம் என்று நினைத்தேன். கடைசியாக வந்த ஒரு பெரியவர் என் கார் ஜன்னல் அருகே நின்று, "இப்பத்தான் வர்றியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பாவம், இவருக்கு ராகுகாலம் பற்றி என்ன தெரியும் என்று கனிவாகச் சிரித்தேன்.

பத்து முப்பத்தொன்றுக்கு, வலது காலை முன்வைத்து எருமையின் முதுகில் ஏறினேன். கூழாங்கல் பாதையில் கணுக்கால் அளவு தண்ணீர் இருந்தது. (கங்கையில் கால் நனைத்தது மாதிரி ஒரு நிறைவு.)

அடுத்த ஒரு மணி நேரத்தில் ஏழு ரப்பர் மீன்களையும் ஏழு பாறையிடுக்குகளுக்கு வரிசையாகத் தானம் செய்தேன். செந்தில் சொன்ன இருட்டறை, தோட்டம், வாசல் எல்லாம் அங்கே இருந்தன. குடியிருந்தவர்கள்தான் கதவைத் திறக்கவில்லை. ஏழாவது நூல் அறுந்ததும், சரி, போதும் என்று திரும்பினேன். பாதையைக் காணவில்லை. பாதை இருந்த இடத்தில் பசிபிக் பெருங்கடல் இருந்தது.

முதலில் நான் செய்த காரியத்தை இப்போது சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. கைபேசியை எடுத்து அந்த எட்டு நிமிடக் குரல் செய்தியைப் போட்டேன்.

"முரளி, வணக்கமுங்க. நீங்க லிங்காட் பிடிக்கறேன்னு சொன்னது எனக்கு ரொம்ப சந்தோஷமுங்க." இரண்டு நிமிடம் சந்தோஷம். பிறகு எந்த நிற ரப்பர் மீன் என்று இரண்டு நிமிடம். பிறகு யாரோ குக்கரை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தப் போனார். அலை என் முழங்கால் உயரத்துக்குப் பாறையில் அடித்தது. "அப்புறமுங்க, எல்லாத்தையும்விட முக்கியம். மீனுக்கு வீடு பாக்கறது அப்புறம். மொதல்ல நாம திரும்பி வர வழியப் பாக்கோணும். தண்ணி வத்தறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னால ஏறி, வத்தி அரை மணியில எறங்கிரோணும். நான் படம் போட்டனே, எருமையாட்டம் ஒரு பாறை, அதுல மட்டும் ஏமாந்து நின்னுராதீங்க."

கவிதாவை அழைத்தேன்.

"மீன் கிடைச்சுதா?"

"இல்ல. நான் மாட்டிக்கிட்டேன். செந்தில் நின்ன அதே பாறை. சுத்தித் தண்ணி வந்திருச்சு."

"நீங்க நிக்கிற இடம் நனையுதா?"

"உச்சியில காய்ஞ்சுதான் இருக்கு."

"அங்கேயே உக்காருங்க. எறங்கக் கூடாது. செந்தில் அண்ணாகிட்டப் பேசறேன்."

"செந்தில் வேணாம் கவிதா. யார் வேணா வரட்டும், செந்தில் மட்டும் வேணாம்."

"பின்ன யாரைக் கூப்பிட, கேக் கடைக்காரரையா?" குரல் நடுங்கியது. அதை அவள் மறைக்கப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

செந்தில் அவசர எண்ணுக்குச் சொல்லிவிட்டார். கால் மணியில் தீயணைப்பு வண்டி வந்தது. ஒரு பெண் அதிகாரி ஒலிபெருக்கியில், "சார், இருக்கும் இடத்திலேயே இருங்கள்" என்றார். வேறு எங்கே போவது? நான் உச்சியில் காய்ந்து இருப்பதால் ஆபத்தில்லை என்றும், துறைமுகத்திலிருந்து ஜெட் ஸ்கீ என்கிற நீர் ஸ்கூட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். ஒரு மணி நேரம், ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் செந்திலின் கார் வந்தது. கவிதா இறங்கினாள், நிலா இறங்கினாள். கவிதா கையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன். அவள் அதிகாரியிடம் ஏதோ கேட்டாள், அவர் சிரித்துத் தோளைத் தட்டினார். உயிருக்கு ஒன்றுமில்லை என்று உறுதியானதும் கவிதா செந்திலிடம் என்னவோ சொன்னாள். (என்ன சொன்னாள் என்பது பிறகு தெரிந்தது: "அண்ணா, எப்படியும் வந்துட்டோம். சாயங்காலம் இருபது பேர் வராங்க.")

செந்தில் கார் டிக்கியிலிருந்து தூண்டிலை எடுத்தார். அதிகாரியிடம் அனுமதி கேட்டார். இடது பக்கம், அலை எட்டாத உயரமான ஒரு திட்டுக்குப் போனார். தண்ணீரைச் சிறிது நேரம் பார்த்தார். ஒரு வீச்சு. இரண்டாவது வீச்சில் கம்பு வில்லாக வளைந்தது.

நான் கடவுளைக் கும்பிட்டேன். பாறையிலிருந்து காப்பாற்று என்று இல்லை. நூல் அறுந்துவிட வேண்டும் என்று.

அறுபடவில்லை. படத்தில் இருந்ததைவிடப் பெரியது. கவிதா கை தட்டியது அலைச் சத்தத்தையும் தாண்டி எனக்குக் கேட்டது. தீயணைப்பு வீரர்களும் தட்டினார்கள். சரியாக அந்த நேரத்தில் ஜெட் ஸ்கீ வந்து என்னை அள்ளிக்கொண்டது. நான் கரை சேர்ந்தபோது எல்லோருடைய முதுகும் எனக்குத் தெரிந்தது. மீனை அளந்துகொண்டிருந்தார்கள்.

என் காரை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுத் திரும்பும்போது, வெள்ளிக் காகிதப் போர்வைக்குள் பொட்டலமாகச் செந்தில் காரின் பின்சீட்டில் இருந்தேன். பக்கத்தில் கவிதா.

"நான் உங்ககிட்ட மீன் கேட்டேனா?"

"கேக்கல. செந்தில் பேசறப்போ உன் முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா?"

"எப்படி இருந்துச்சு?"

"பிரகாசமா."

"மீன் திங்கறப்போ பிரகாசமா இல்லாம? உங்களைப் பார்த்து அப்படி இருக்கணும்னா நீங்களும் குழம்புல கிடக்கணும்."

ஓட்டிக்கொண்டிருந்த செந்தில் இருமினார். போர்வைக்குள் அவள் கை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. வீடு வரும்வரை விடவில்லை. அன்று இரவு இருபது பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். விவரம் தெரியாத ஒருவர், "முரளி, தூத்துக்குடின்னா சும்மாவா" என்று என் கையைக் குலுக்கினார். நான் மறுக்கவில்லை. நிலா கரையிலிருந்து எடுத்த வீடியோவை எல்லோருக்கும் காட்டும்வரை.

இதெல்லாம் நடந்து நான்கு வருடம் ஆகிறது. செந்தில் நல்ல மனதோடு, வேறு யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, மீன்பிடிக்கும் நண்பர்கள் பார்க்கும் வரைபடத்தில் அந்தப் பாறையைக் குறித்து எச்சரிக்கை எழுதி வைத்தார். பெயர் கேட்கும் இடத்தில் 'முரளி பாறை' என்று போட்டார். இன்று தமிழ் தெரியாதவர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். மாதம் ஒரு முறையாவது அங்கிருந்து லிங்காட் வருகிறது. பாட்லக்கில் புதிதாக வந்த யாராவது ஒரு வாய் வைத்துவிட்டு, "எங்க பிடிச்சீங்க?" என்று கேட்பார்கள்.

"முரளி மேல நின்னுதானுங்க," என்பார் செந்தில், துளிக்கூடச் சிரிக்காமல்.

கவிதா நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைப்பாள். நான் சாப்பிடுவேன். பிரமாதமாக இருக்கும். வயிற்றெரிச்சலே அதுதான்.