அந்தோனியாரை ஏற்றிய ஜீப்பும் வெடித்த ஹெட்டும்

மாத்தளை

அன்புத் தம்பி கிறிஷாந்துக்கு அக்கா சவரியம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் உன் மச்சானும் நடமாடுகிறோம். நடமாட்டம்தான், ஏறிப் போக வண்டி இல்லை. இத்தாலிக் குளிரில் நெஞ்சுக்குத் தைலம் தேய்க்க மறக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். "அக்கா, இது வண்டி இல்ல, யானை" என்று நீ விட்டுப்போன அந்தப் பழைய ஜீப், யானை மாதிரியே தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. காலையில் ரேடியேட்டரை நிரப்பினால் றத்தோட்டை போய்ச் சேர்வதற்குள் காலி. கீழே ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை, பின்னால் மட்டும் வெள்ளைப் புகை. "என்னங்க, புகையுதே" என்றால், "புகை இல்ல சவரி, ரிவர்ஸ்டன் மலைப் பனி" என்பார் உன் மச்சான். மாத்தளை பஸ் நிலையத்தில் உச்சி வெயிலில் நிற்கும்போதும் அதே பதில்தான்.

பலாபத்வலயில் கராஜ் வைத்திருக்கும் நப்லானிடம் கொண்டுபோனோம். கேஸ்கட்தான் என்று அடித்துச் சொல்லி மாற்றினார்; புகை கூடியது. தண்ணீர் பம்பை மாற்றினார், இன்னும் கூடியது. பிறகு எஞ்சினை ஆறவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். உள்ளே சோடா மாதிரிக் குமிழி கிளம்பியது. ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்தால் பால் தேத்தண்ணி நிறம். "எஞ்சின் மேல்மூடி, ஹெட், அது வெடிச்சிருக்கு சேர். கழட்டித்தான் பாக்கணும்" என்றார் நப்லான். "ஒன் ஹெட்டைத்தான் கழட்டிப் பாக்கணும்!" என்று கத்திவிட்டு இவர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றைக்கு நான் போனில், "ஹெட் வெடிச்சிருச்சாம், இவர் ஒத்துக்க மாட்டேங்கிறாரு" என்று யாரிடமோ புலம்பியது பக்கத்து வீட்டு ஜஸ்லா காதில் அரையும் குறையுமாக விழுந்திருக்கிறது. மறுநாள் கஞ்சியோடு வந்து இவர் மண்டையையே உற்றுப் பார்க்கிறாள். "தையல் ஒண்ணும் போடலியா அண்ணே?" இவர் எதையும் விளக்காமல் கஞ்சி முழுவதையும் குடித்து முடித்தார்.

இதற்கிடையில் மேல் தோட்டத்தில் அந்தோனியார் திருநாள். சொரூபத்தைக் கோயில்வரை கொண்டுபோக வண்டி வேண்டும் என்று பாதர் கேட்டார். நான் கண்ணைக் காட்டினேன், காலை மிதித்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. "என் பேருள்ள புனிதரு, என் ஜீப்ல போகாம வேற எதுல போவாரு?" என்று உன் மச்சான் ஏற்றிவிட்டார். ஊர்வலம் கிளம்பியது. பின்னால் வந்த பெண்கள் வெள்ளைப் புகையைச் சாம்பிராணி என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டே இருமினார்கள். ஏற்றத்தின் நடுவில் வண்டி ஒரு தரம் குலுங்கி, 'உஸ்' என்று ஆவி விட்டு நின்றது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. எல்லாருடைய போத்தல் தண்ணீரையும் ஊற்றிப் பார்த்தோம். அசையவில்லை.

"அந்தோனிமுத்து, வேற வழி இருக்கா?" என்றார் பாதர். இவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சொரூபத்தின் பீடத்துக்குக் கீழே தோளைக் கொடுத்தார். இளந்தாரிகள் ஓடி வந்து மற்றப் பக்கங்களைப் பிடித்தார்கள். மழையில் நனைந்து பாடிக்கொண்டே ஏறினோம். தோள் மாற்றச் சொன்னார்கள், இவர் கேட்கவில்லை. கோயிலில் இறக்கி வைத்ததும் என்னிடம் மெதுவாக, "மானம் போயிருச்சு சவரி" என்றார். ஆனால் தோட்டத்து ஆட்கள் இவரைச் சுற்றி நின்று, "இத்தன வருசமா வண்டிக்குப் பின்னால நடந்தோம் ஐயா. இன்னைக்குத்தான் அவரு நம்ம தோள்ல வந்தாரு" என்றார்கள். இவர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

மறுவாரம் நப்லானே வந்து வண்டியை இழுத்துப்போய் ஹெட்டைக் கழற்றினார். துடைத்துச் சிவப்புச் சாயம் தடவியதும், இரண்டு வால்வுகளுக்கு நடுவே மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு தெரிந்தது. "இத்தனூண்டு கோடா என்னைய இந்தப் பாடு படுத்துச்சு?" என்று உன் மச்சான் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு அவராகவே, "வித்துரலாம். தம்பிக்கு எழுதிரு" என்றார். ஆகையால் விற்கிறோம். நீ போன் பண்ணி அவர் மனதைக் கலைக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். உனக்கும் பிள்ளைகளுக்கும் அந்தோனியார் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா சவரியம்மா

பி.கு.: ஜீப்பை வாங்க ஆள் இருக்கிறதாம் என்று நப்லானோடு நாலந்தா பக்கம் போன மனுசன் இப்போதுதான் திரும்பினார். கயிற்றில் கட்டி இன்னொரு ஜீப்பை இழுத்து வந்திருக்கிறார். அதில் ஹெட் மட்டும்தான் நன்றாக இருக்கிறதாம். வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். பிறகு சும்மா ஒரு தரம் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். சீட்டும் நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி.