பத்தாயிரம் மணி நேரம் தொங்கிய இரும்பு

செல்லம் கொடுப்போர் என்று ஓர் இனம் உண்டு. பிள்ளைக்குக் கொடுத்தால் புரிந்துகொள்ளலாம். இவர்கள் இரும்புக்கே கொடுப்பார்கள்.

மாதிரிக்கு ஷெஃபீல்டின் நார்மன் ஓல்ட்ராய்டை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனைப் போல அணுக்களை இணைத்து எரியும் உலைக்குச் சுவர் எழுப்ப, உரமேற்றிய எஃகு ஒன்றை வார்த்தவர். அதில் சுண்டுவிரல் அளவு துண்டை அறுநூற்றைம்பது டிகிரி அடுப்புக்குள் மாட்டி, கீழே எடைக்கற்களைத் தொங்கவிட்டிருந்தார். அறுந்துபோகாமல் பத்தாயிரம் மணி நேரம் தாங்கினால் உலைக்கு இவர் எஃகு, இல்லையென்றால் போட்டிக்கு நின்ற மிடில்ஸ்பரோக்காரர்களுடையது.

அந்தப் பதினாலு மாதமும் கதவு சாத்தினால் முகம் சுளிப்பார், தெருவில் லாரி போனால் நெஞ்சைப் பிடிப்பார், வருகிறவர்களைக் காலணி கழற்றச் சொல்வார், காலையில் தேநீர்க் கோப்பையோடு வந்து அடுப்பிடம் நலம் விசாரிப்பார். தும்மலா? வெளியே.

"சூரியன் பக்கத்துல நிக்கப் போற இரும்பு, என் தும்மலத் தாங்காதா கண்ணு?" என்பாள் பக்கத்து மேசை பிரெண்டா. ஷெஃபீல்டில் மேலதிகாரியும் கண்ணுதான்.

"உலைக்குன்னு செஞ்சது பிரெண்டா. உன் மூக்குக்குன்னு செய்யல."

கெடு முடிந்த வியாழக்கிழமை எஃகுத் தேர்வுக் குழுத் தலைவி ஆக்லாந்து அம்மையார் ஆட்களோடு வந்தார். பத்தாயிரத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. எஃகு முடியளவுகூட நீளவில்லை. அம்மையார் குனிந்து பார்த்தார்.

"கீழ என்னது இது?"

"மெத்தைங்க. துண்டு அறுந்தா எடை தரையில விழுந்து அடிபடக் கூடாதேன்னு."

"எத்தனை?"

"முதல்ல ஒண்ணுதான் வெச்சேன். அன்னிக்கே மனசு கேக்காம இன்னும் மூணு."

"எடை மெத்தை மேலயே உக்காந்திருக்கே."

பதினாலு மாதமாக அந்த இரும்பு தூக்கியது எதை? ஒன்றுமில்லை. சூடான அறையில் விடுமுறை.

பிரெண்டா மெத்தைகளை ஒவ்வொன்றாக உருவினாள். எடை ஓரங்குலம் இறங்கி, தடக்கென்று நின்றது. பிறகு, சேர்த்துவைத்த தும்மலையெல்லாம் அங்கேயே தும்மித் தீர்த்தாள். இரும்பு அசையவில்லை.

"நல்ல இரும்புதான் கண்ணு," என்றாள். "இப்ப ஒரு நிமிஷம் ஆயிருக்கு."

குழு மிடில்ஸ்பரோவுக்கு ரயில் ஏறியது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அப்படியே கையை நீட்டி டிவி ரிமோட்டை எடுங்கள். வாங்கி மூன்று வருடம் இருக்குமா? அதன் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டீர்கள்தானே?