ஒரு நாற்காலிக்கான கணப்பு

கில்லவார்,
ஸ்லைகோ, அயர்லாந்து.
அக்டோபர் 9, வியாழன்.

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள தங்கை டிம்ப்னாவுக்கு அக்கா அட்ராக்டா எழுதுவது. இங்கே நான் சுகம். இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அதை நான் யாரிடமும் சொல்வதில்லை. நீ லீட்ஸில் நலமாக இருக்கவும், ஆஸ்பத்திரி வேலை முடிந்து ஓய்வு பெற்ற பிறகும் காலை ஏழு மணிக்குள் எழுந்திருக்கவும் தினமும் ஜெபமாலையில் பத்து மணி உனக்காக ஒப்புக்கொடுக்கிறேன். உன் கடிதம் வந்தது. மூன்று பக்கத்தில் இரண்டு இடத்தில் காற்புள்ளி இல்லை. கான்வென்டில் நம் சிஸ்டர் அல்ஃபோன்சா இதைப் பார்த்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். நான் வைத்துக்கொண்டேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். இது உன்னை இங்கே வந்து இருக்கச் சொல்லி எழுதும் கடிதம் அல்ல. முன்னறைக் கணப்பு இன்னும் புகைகிறதா என்று நீ கேட்டிருந்தாய். அதற்குப் பதில் மட்டுமே.

புகைகிறது. உனக்கு ஐந்து வயதாக இருந்தபோது அப்பா பழுப்பு டைல் பதித்துக் கட்டிய அதே கணப்பு. அகலம் பதினாறு அங்குலம், உயரம் இருபத்திரண்டு. நீ இடுக்கியால் கீறிய டைல் இன்னும் இடது மூலையில் இருக்கிறது. அந்தக் கீறலுக்கு அடி வாங்கியது நான் என்பதும் நினைவிருக்கிறது. என்னவர் ஃபின்டன் நம் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த முதல் குளிர்காலத்திலேயே சொன்னார்: "இந்த நெருப்புல முட்டி வேகுது, முதுகு உறையுது. ரொட்டி மாதிரி ஆளைத் திருப்பிப் போட ஒருத்தர் வேணும்." நாற்பத்தாறு வருஷம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முதுகுக்கு ஒருவர் போர்வை மாற்றினோம். அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. போர்வையை நானே போட்டுக்கொள்ள முடியும், கை நன்றாகவே வளைகிறது. ஆனால் போன குளிர்காலத்தில் இரண்டு கூடை விறகு எரித்தும் அறை சூடாகவில்லை, சூடெல்லாம் மேலே வானத்துக்குப் போனது. ஆகவே விறகு எரிக்கும், மூடிய இரும்புக் கணப்பு ஒன்று பொருத்தத் தீர்மானித்தேன். தீர்மானித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

முதலில் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டு ஜார்லத் கில்ராய் தூரிகையோடு வந்தான். குத்திய முதல் குத்திலேயே காக்கைக் கூடு மொத்தமும் இடிந்து அறைக்குள் விழுந்தது. மூன்று சாக்கு சுள்ளி, ஆட்டு மயிர், என்னுடைய துணிக்கவ்வி இரண்டு. பியானோ கறுத்துவிட்டது, திரு இருதயப் படம் கறுத்துவிட்டது, ஜார்லத்தின் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த நிலையிலும் நான் முறை தவறவில்லை.

"டீ போடட்டுமா, ஜார்லத்?"

"ஐயோ வேண்டாங்க டெவானியம்மா, இப்பத்தான் குடிச்சேன்."

"ஒரு வாய்தானே."

"கையெல்லாம் கரி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"தண்ணி ஏற்கெனவே கொதிச்சாச்சு."

"நீங்க இவ்வளவு சொல்றதால..."

நான்கு துண்டு கிஸ்மிஸ் ரொட்டி சாப்பிட்டான். நல்ல வளர்ப்பு. போகும்போது, "இதுங்க வருஷா வருஷம் மார்ச்சுல இதே புகைபோக்கிக்குத்தாங்க வரும். இனிமே மேல வலை போட்டுடுவாங்க. வராது, பாவம்" என்றான். எந்தக் கான்வென்டிலும் படிக்காத காக்கைகள் வருஷம் தவறாமல் வீடு திரும்புகின்றன. இதை யாரையும் குத்திக் காட்டுவதற்காக எழுதவில்லை.

அடுத்து, டவுனில் கணப்புக் கடை வைத்திருக்கும் வோல்கர் என்கிற ஜெர்மன்காரர் அளவெடுக்க வந்தார். பன்னிரண்டு வருஷமாக இங்கே இருக்கிறார், ஆனாலும் முன்கதவைத் தட்டினார். நம் வீட்டு முன்கதவு பங்குச் சாமியாருக்கும், விருந்தாளிக்கும், சவப்பெட்டிக்கும் மட்டும்தான் என்று அவருக்கு யார் சொல்வது? மழையில் ஊறிய கதவு, நான் உள்ளிருந்து இழுக்க, அவர் வெளியிலிருந்து தள்ள, கடைசியில் இருவரும் கூடத்தில் மோதிக்கொண்டுதான் அறிமுகமானோம். டீ வேண்டுமா என்றேன். "வேணும், ரெண்டு சர்க்கரை" என்றார். முதல் தடவையிலேயே! கோப்பையை நான் இன்னும் எடுக்கக்கூட இல்லை. பிறகு கணப்புக்குள் தலையை விட்டு அளந்தார். என் கான்வென்ட் அடிக்கோலின் அளவும் அவருடைய அளவும் மயிரிழை பிசகாமல் ஒத்துப்போயின. அது ஒன்றில்தான் ஒத்துப்போனோம்.

"ரெண்டு வழி இருக்கு மிசஸ் டெவானி. இந்தக் குழிக்குள்ளேயே ஒரு இரும்புப் பெட்டியைச் சொருகிடலாம். டைலை உடைக்க வேண்டாம். ஆனா நேர் எதிர்ல உட்கார்ந்தவங்களுக்குத்தான் நெருப்பு நல்லாத் தெரியும். இல்லன்னா டைலை உடைச்சு, குழியைப் பெருசாக்கி, கால் வச்ச கணப்பா முன்னால நிறுத்தலாம். மூணு பக்கமும் சூடு வரும், ரெண்டு பக்கமும் நாற்காலி போடலாம். இந்த அறையில எத்தனை பேர் உட்காருவீங்க?"

"அதெல்லாம் பொறுத்துத்தான் இருக்கு."

"எதைப் பொறுத்து?"

அவர் பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தார். "ஒருத்தர்" என்றேன்.

"ரெண்டு நாற்காலி இருக்கே?"

"ஒண்ணு காலி."

"காலி நாற்காலிக்கும் சூடு வேணுமா?"

டிம்ப்னா, இப்படி ஒரு கேள்வியை இந்தப் பங்கில் பிறந்த ஒருவன் கேட்டிருப்பானா? எனக்குக் கண்ணில் கரி விழுந்துவிட்டது, கைக்குட்டையை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் அதைக் கவனிக்காமல், "அப்போ பெட்டி போதும். செவ்வாய்க்கிழமை வந்து பொருத்தட்டுமா?" என்றார். எந்த மரியாதையுள்ள பெண்ணும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: "வேண்டாம் வேண்டாம், உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்." அவர் "சரி" என்று நோட்டை மூடி, கோட்டை மாட்டி, அதே முன்கதவைப் பிய்த்துத் திறந்து போய்விட்டார். இரண்டாம் தடவை கேட்கத் திரும்பி வருவார் என்று நான் ஜன்னலில் நின்றேன். டீ ஆறியது. கார் சாலைத் திருப்பத்தில் மறைந்தது.

ஜார்லத்திடம் சொன்னால் சிரிக்கிறான். "அவங்க ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்தாங்க."

"அப்படியானா அந்த ஊர்ல யாருக்குத்தான் எப்போ டீ கிடைக்கும்?"

"வேணும்னு சொன்னாக் கிடைக்குதாம் டெவானியம்மா."

சிஸ்டர் அல்ஃபோன்சா நமக்குச் சொல்லிக் கொடுத்தது உனக்கு மறந்திருக்காது. ஒருவர் முதல் தடவை கேட்பது வெறும் மரியாதை, அதற்கு மறுப்புதான் பதில். மூன்றாம் தடவையும் கேட்டால்தான் மனதாரக் கேட்கிறார். எனக்கு மறக்கவில்லை. ஃபின்டனின் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, பின்கட்டில் நீயும் நானும் தட்டு துடைத்துக்கொண்டிருந்தோம். "நான் இங்கயே இருந்துடட்டுமாக்கா?" என்று நீ கேட்டாய். "எதுக்கு? உனக்கு அங்க வேலை இருக்கு, வீடு இருக்கு" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்து மெதுவாகத் துடைத்தேன். இன்னும் இரண்டு தடவை பாக்கி இருந்தது. நீ "சரிக்கா" என்று துணியை உதறிக் கொடியில் போட்டாய். மறுநாள் முன்கதவு வழியாகப் போனாய். இங்கிலீஷ்காரர்கள் நடுவே அத்தனை வருஷம் இருந்தால் ஒரு பெண்ணுக்கு எண்ணிக்கை மறந்துபோகுமோ என்னவோ. அந்தத் தட்டு இப்போதும் பளபளவென்று இருக்கிறது.

நான் எழுத வந்தது கணப்பைப் பற்றி. பெட்டிதான் என்று முடிவு செய்துவிட்டேன். பதினாறு அங்குலக் குழிக்குள் சரியாக உட்காரும், டைலுக்குச் சேதமில்லை, எதிரே ஒரு நாற்காலி போதும். ஃபின்டனுடைய நாற்காலியைக் கோவில் விற்பனைக்குக் கொடுத்துவிடுவேன். உனக்கு அங்கே ரேடியேட்டர் இருக்கிறது, கீழ் வீட்டு அம்மாள் இருக்கிறாள். இந்த ஈரத்துக்கு நீ வந்து மூச்சிரைப்பை வாங்கிக்கொள்ள வேண்டாம். எனக்கு ஒரு குறையும் இல்லை.

இறைவன் உன்னைத் தம் நிழலில் காப்பாராக. கீழ் வீட்டு அம்மாளுக்கு என் விசாரிப்பைச் சொல். இரவில் மார்புக்குக் கம்பளி போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா
அட்ராக்டா டெவானி

பின்குறிப்பு: சனிக்கிழமை. தபால்தலை ஒட்டி டவுனுக்குக் கொண்டுபோன இதே கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன், உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபால் நிலையத்துக்கு முன்னால் வோல்கரின் கடை வருகிறது. உள்ளே போனேன். "கால் வச்ச கணப்பு வேணும். ரெண்டு நாற்காலிக்கு" என்றேன். "செவ்வாய் வரட்டுமா?" என்றார். "வாங்க" என்றேன். முதல் தடவையிலேயே. காது வரை சூடாகிவிட்டது. சிஸ்டர் அல்ஃபோன்சா என்னை மன்னிக்கட்டும். டைலை எல்லாம் உடைத்துவிடுவார். நீ கீறியதை மட்டும் பெயர்த்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.

தட்டு துடைக்கும்போது நீ கேட்டதற்கு என் பதில்: இரு. மறுபடி கேட்க வேண்டாம். ஃபின்டனின் நாற்காலியைக் கொடுக்கவில்லை. உனக்கு இடது பக்கம்தானே பிடிக்கும். புகைபோக்கியில் வலை போட்டுவிடுவார்கள், இனி அந்த வழியாக யாரும் வர முடியாது. முன்கதவைத் தட்டிக்கொண்டு நிற்காதே, அது விருந்தாளிக்கு. நீ பின்கதவைத் தள்ளிக்கொண்டு வா.